கொடித்தோடை: பூத்தும் காய்க்காதது ஏன்?

இரவல் காணியில் இருப்பவர்களிடம் மாங்கன்று நடச் சொன்னால், "காய்க்கிற காலத்தில் நாங்கள் எங்கே இருப்போமோ?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அவர்களுக்குப் பொருத்தமானது கொடித்தோடை. நட்டு ஓராண்டளவில் காய்க்கும். சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும்.

இதில் இரண்டு சாதி உண்டு. ஊதாப் பழம் மலைநாட்டுக் குளிருக்குரியது. வன்னி, மன்னார்ப் பக்கத்து வெக்கைக்கு மஞ்சள் பழச் சாதியே தோது.

"பந்தல் நிறையப் பூ, ஒரு காயும் இல்லை" என்பது பலருடைய முறைப்பாடு. உடனே யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். கொடி தழைக்கும், காய் வராது. பெரும்பாலும் குறை மண்ணில் இல்லை. மஞ்சள் சாதிக் கொடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு கொடியின் மகரந்தம் வந்து சேர வேண்டும். ஒரே தாய்க்கொடியில் வெட்டிய தண்டுகளை நாலு வளவில் நட்டாலும் அவை நாலும் ஒரே கொடிதான் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே வெவ்வேறு இடத்துப் பழங்களின் விதையில் முளைத்த இரண்டு மூன்று கன்றுகளையாவது நடுங்கள். காணி சிறிதென்றால் அயலவரோடு பேசி, வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நடலாம்.

மகரந்தம் சுமப்பது மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டு. தேனீ இதற்குச் சிறியது. கூரைத்தடியைத் துளைக்கிறதே என்று வண்டை அடித்துக் கொல்லாமல், பந்தலருகே காய்ந்த முருங்கைக் கட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். பூ நண்பகலளவில் விரிந்து இரவில் மூடிவிடும். அந்த நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் வண்டும் போய்விடும், காயும் போய்விடும்.

வண்டு வராத இடத்தில் கையால் செய்யலாம். பூவின் நடுவில் மகரந்தப் பைகள் ஐந்து, அவற்றுக்கு மேலே சூல்முடிகள் மூன்று இருக்கும். பூ விரிந்தபின் சூல்முடிகள் மெல்லக் கீழே வளையும்வரை பொறுத்திருந்து, மற்றக் கொடியின் மகரந்தத்தை விரலால் எடுத்து மூன்றிலும் தடவுங்கள். மழை நனைத்த மகரந்தம் உதவாது.

காய் முற்றிப் பழுக்க இரண்டு மாதத்துக்கு மேலாகும். அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்; வேர் அழுகும். பழத்தைப் பிடுங்க வேண்டியதில்லை, பழுத்தால் தானே விழும். நாளாந்தம் பொறுக்கி, தோல் மினுங்குகிற பழத்தைச் சந்தைக்கு அனுப்புங்கள். தோல் சுருங்கிய பழத்துக்கு வியாபாரி விலை குறைப்பார். உண்மையில் அதில்தான் புளிப்புக் குறைவு. அதைப் பிள்ளைகளுக்குச் சீனி போட்டுக் கரைத்துக் கொடுங்கள்.