மறதி நோயும் நாடகமும்

சிராங்கூன் சாலையில் பூ விற்பவர் முழங்கையை மடக்கி, விரல் நுனிவரை சரத்தை அளந்து வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். நாற்பது ஆண்டுகள் பூ அளந்த ஒருவருக்கு முதுமை மறதி நோய் வந்தால், காலையில் பசியாறியது நினைவிருக்காது. மகளின் பெயரும் தப்பிப் போகலாம். ஆனால் கையில் சரத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் முழங்கை தானே மடங்கும்.

காரணம் உண்டு. இவ்வகை நோய்களில் மிகப் பரவலான அல்சைமர் நோய், புதிய செய்திகளைப் பதிக்கும் மூளைப் பகுதியையே முதலில் தாக்குகிறது. கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதிகள் வேறு. அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நாடகவழிச் சிகிச்சை பற்றிக்கொள்வது இந்த மிச்சத்தைத்தான்.

சிங்கப்பூர் மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு இந்நோய் இருக்கிறது. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்கிறோம். அது தேர்வு! விடை தெரியாமல் நிற்கும் பிள்ளையின் முகத்தைத் தோட்டப் பள்ளி வகுப்பில் பார்த்துப் பழகிய நமக்கு, அக்கேள்வி எப்படிக் குத்தும் என்று தெரியும்.

நாடகத்தில் தவறான விடை கிடையாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1996இல் நாடக அறிஞர் ஆன் பாஸ்டிங், முதியோர் இல்லமொன்றில் ஒரு படத்தைக் காட்டி, இவருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி, கதையாக வாசித்துக் காட்டினார். சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்திலும் முதியோரும் மறதி நோயுள்ளோரும் கூடிப் பழகவென்றே 2023இல் ஓர் இடம் திறக்கப்பட்டது.

வீட்டில் மேடை வேண்டாம். தேக்காச் சந்தை இன்றைய கட்டடத்துக்கு மாறியது 1982இல். முதியோர் பலர் மனத்தில் சுமப்பது அதற்கு முந்தைய சந்தையை. மேசைமேல் வெற்றிலை, தராசு, மல்லிகைச் சரம் போதும். "அக்கா, முழம் என்ன விலை?" "முப்பது காசு" என்றால் முப்பது காசுதான், இன்றைய விலையைச் சொல்லித் திருத்தாதீர்கள், பேரம் பேசுங்கள். தமிழில் பேசுங்கள்; இடையே பஜார் மலாய் வந்தாலும் வரட்டும். பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் உண்டு. ஆங்கிலமே ஒலிக்கும் நிலையத்தில் தமிழ் மூதாட்டி வாய்மூடி இருந்தால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம்.

ஓர் எச்சரிக்கை. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, சிறுவராக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அபாயச் சங்கொலியும் பூட்ஸ் சத்தமும் விளையாட்டுக்கும் வேண்டாம். முகம் வாடினால் நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதனால் நோய் தீராது. மருத்துவர் தந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. நாடகம் ஆடியதே மறந்துபோகும். ஆனால் நிகழ்ச்சி மறந்த பின்னும் அதன் மகிழ்ச்சி சற்று நேரம் தங்குவதை அயோவா பல்கலைக்கழக ஆய்வொன்று 2014இல் காட்டியது. துயரமும் அப்படியே தங்குகிறது. மாலையில் சிலருக்குப் பதற்றம் கூடும். ஆகவே காலையில், பசியாறிய பிறகு, கால் மணி நேரம் போதும்.