எந்த ஊருக்குப் போகிறது இந்த ரோடு?

சிகாகோ நகருக்கு நடுவே 90, 94 என்று இரண்டு எண்களோடு ஒரு பெருஞ்சாலை ஓடுகிறது. அதில் ஏறப் போகும்போது தலைக்கு மேலே பச்சைப் பலகைகள் வரும். ஒரு பக்கம் 'மேற்கு, விஸ்கான்சின்'. இன்னொரு பக்கம் 'கிழக்கு, இண்டியானா'. இரண்டுமே ஊர் இல்லை, பக்கத்து மாநிலங்கள். போதாததற்கு, 'கிழக்கு' என்று போட்ட சாலை அந்த இடத்தில் தெற்கே போய்க்கொண்டிருக்கும். மேற்கே பிரிகிற 290-க்கு எழுதியிருப்பதோ 'மேற்குப் புறநகர்கள்'. அவ்வளவுதான்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு பலகை விடாமல் படித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து டீயைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, மாநிலத்து பேரைப் போட்டா எந்த ஊருன்னு எப்படித் தெரியும்? நாங்க பஸ் போர்டுல 'கேரளா'ன்னு எழுதிட்டு நின்னா ஒரு ஆள் ஏறுவானா?"

கேள்வி நியாயம்தான். பதில்தான் ஒரு டம்ளர் டீக்குள் அடங்காது.

அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கிற இந்த நெடுஞ்சாலைகள் 1956-இல் ஐசனோவர் காலத்துச் சட்டத்தால் வந்தவை. எண்ணில் ஒழுங்கு உண்டு: ஒற்றைப்படை வடக்கு–தெற்கு, இரட்டைப்படை கிழக்கு–மேற்கு. ஆனால் எண்ணும் திசையும் மட்டும் போதாது என்று அப்போதே தெரியும். அதனால் ஒவ்வொரு சாலைக்கும் 'கன்ட்ரோல் சிட்டி' என்று சில ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஊர் வரும்வரை பலகைகளில் அதே பெயர்தான் வர வேண்டும். மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்பு இதற்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது.

எல்லா ஊரையும் எழுதிவிட்டால் என்ன என்று மாமா கேட்டார். எழுத முடியாது. எழுத்தின் உயரத்தில் ஓர் அங்குலத்துக்கு 30 அடி வீதம் தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது நெடுஞ்சாலைக்காரர்களுடைய கணக்கு. 16 அங்குல எழுத்தென்றால் 480 அடி. மணிக்கு 65 மைலில் போகிற கார் அதை ஐந்தே விநாடியில் கடந்துவிடும். அந்த ஐந்து விநாடிக்குள் படித்து, புரிந்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, லேன் மாற வேண்டும். அதனால்தான் பிரியும் வழிப் பலகையில் இரண்டு பெயருக்கு மேல் வேண்டாம் என்று விதியேட்டில் இருக்கிறது.

பிரச்சினை இங்கேதான். சிகாகோவின் தென்கிழக்கு மூலையைத் தாண்டி இண்டியானாவுக்குள் போனதும் சாலைகள் விரல் விரித்த மாதிரி பிரிகின்றன. 94 டெட்ராய்ட் பக்கம், 90 டொலிடோ, கிளீவ்லாண்ட் பக்கம், 65 இண்டியானாபொலிஸுக்கு. இதில் எந்த ஊரைப் போட்டாலும் மற்ற இரண்டு ஊர்க்காரர்கள் தடுமாறுவார்கள். 'இண்டியானா' என்றால் மூன்று பேரும் ஏறிக்கொள்ளலாம். அந்த வகையில் அது சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் 'மேற்குப் புறநகர்கள்' விஷயத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது. அது உள்ளூர்க்காரருக்குத் தேவைப்படாத, வெளியூர்க்காரருக்குப் புரியாத பலகை. அதே சாலையில் கொஞ்ச தூரம் போனால் 88 பிரிகிற இடத்தில் 'அரோரா' என்று போட்டிருக்கும். பாலாஜி கோயிலுக்குப் போன அன்று அதைப் பார்த்த மாமா, "இது போர்டு" என்றார். அவர் பாஸ் போட்ட ஒரே பலகை அதுதான்.

சுற்றுச்சாலை வந்தால் பெயர் இன்னும் சிக்கல். வட்டத்துக்குப் போய்ச் சேரும் ஊர் ஏது? வாஷிங்டனைச் சுற்றி 64 மைலுக்கு ஓடும் 495 நெடுஞ்சாலை 1964-இல் முழு வட்டமானது. அதில் 'வடக்கு' என்று ஏறினால் கால் மணி நேரத்தில் கிழக்கே போய்க்கொண்டிருப்போம். அதனால் உள்வட்டம், வெளிவட்டம் என்று பெயர் வைத்தார்கள். வண்டிகள் வலது பக்கம் ஓடுகிற நாடு என்பதால் உள்வட்டம் கடிகாரச் சுற்றாகப் போகும். புதிதாக வருகிறவர்கள், வட்டத்துக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு தனித்தனிச் சாலை இருப்பதாக நினைத்துக்கொள்வது உண்டு. லண்டனைச் சுற்றும் எம்25 (117 மைல், 1986-இல் முடிந்தது) இதற்கு வேறு வழி பிடித்தது. ஹீத்ரோ, கேட்விக் என்று விமான நிலையங்களின் பெயர்கள், டார்ட்ஃபோர்டு ஆற்றுக்கடப்பு, அடைப்புக்குறிக்குள் அடுத்து வரும் சாலைகளின் எண்கள். ஊர்ப்பெயரைவிட இது மேல் என்பேன். அந்த வட்டத்தில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் வேறொரு சாலையைப் பிடிக்கத்தானே ஏறுகிறார்கள்! நியூயார்க்கிலும் இப்படித்தான், பலகைகளில் ஊரைவிடப் பாலத்தின் பெயர்தான் அதிகம். ஆற்றைக் கடக்கும் இடம் தெரிந்தால் மிச்சம் தானாக வரும்.

திசையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. பெர்க்லி ஓரமாக விரிகுடாவை ஒட்டிப் போகும் சாலைக்கு இரண்டு எண்கள். ஒரே லேனில், ஒரே நேரத்தில், நீங்கள் 80-இல் கிழக்கேயும் 580-இல் மேற்கேயும் போய்க்கொண்டிருப்பீர்கள். உண்மையில் கார் போவது வடக்கே. மாமா இதை நம்பவே இல்லை. மேப்பைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

அதே மாநிலத்தில், பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் 10-ஆம் நெடுஞ்சாலைப் பலகையில் 'இண்டியோ' என்று போட்டு, அதன் கீழே 'மற்ற பாலைவன ஊர்கள்' என்று எழுதினார்கள். ஜான் ராபின் பெய்ட்ஸ் 2011-இல் மேடையேற்றிய நாடகத்துக்கு இதையே தலைப்பாக்கிக்கொண்டார். எனக்கு அந்தப் பலகை பிடிக்கும். இடமில்லை, ஊர் நிறைய இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்கிறது.

பலகையில் ஒரு குறை இருந்தால் யாரைக் கேட்பது? லாஸ் ஏஞ்சலஸில் ரிச்சர்ட் ஆங்க்ரம் என்ற ஓவியர் யாரையும் கேட்கவில்லை. 110-இல் வடக்கே போகும்போது 5-ஆம் நெடுஞ்சாலைக்குப் பிரியும் இடத்தில், தலைக்கு மேலே இருந்த பலகையில் அந்த எண்ணே இல்லை. அவரே ஒருமுறை அந்தப் பிரிவைத் தவறவிட்டவர். அரசாங்க அளவுப்படி '5' என்ற கேடயச் சின்னத்தையும் 'வடக்கு' என்ற சொல்லையும் செய்தார். பச்சையையும் வெள்ளையையும் கச்சிதமாகப் பொருத்தினார். புதுசாகத் தெரியக்கூடாதென்று மேலே லேசாகச் சாம்பல் நிறம் அடித்துப் புகை படிந்த மாதிரி ஆக்கினார். 2001 ஆகஸ்ட் 5 அன்று ஹெல்மெட்டும் ஆரஞ்சுச் சட்டையும் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் ஏறி மாட்டிவிட்டு இறங்கினார். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், உறுதியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். 2009-இல் பலகையை மாற்றியபோது புதியதில் 5 வடக்கும் சேர்ந்தே வந்தது.

"இப்பதான் போனே வழி சொல்லுதே, போர்டு எதுக்கு?" என்றான் பக்கத்தில் இருந்த என் மகன். போனும் பலகைப் பெயரை வைத்துத்தான் பேசுகிறது. 'இண்டியானா நோக்கிச் செல்லவும்' என்று அது சொல்வது பலகையில் உள்ளதைத்தான். சிக்னல் போனால் அதுவும் தடுமாறலாம்.

மாமாவுக்குப் பிடித்தது வேறு விஷயம். பெரும்பாலான மாநிலங்களில் வெளியேறும் வழியின் எண் மைல் கணக்கு. மாநிலத்தின் தெற்கு எல்லையிலிருந்தோ மேற்கு எல்லையிலிருந்தோ எண்ணிக்கொண்டு வருவார்கள். 60-இலிருந்து 100-க்குப் போக வேண்டுமென்றால் இன்னும் 40 மைல். எண் ஏறினால் வடக்கே அல்லது கிழக்கே போகிறோம், இறங்கினால் எதிர்ப்பக்கம். அதைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப ஊர் பேரே தேவையில்லையே, கல்லு நம்பர் போதுமே!"

எனக்கு அதில் சம்மதமில்லை. வழி தெரிந்தவருக்கு எண் போதும். பிரிவைத் தவறவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், ஐந்து விநாடியில் முடிவெடுக்க வேண்டியவர் தேடுவது தனக்குத் தெரிந்த ஓர் ஊரின் பெயரைத்தான்.