தீவகத்து மருந்து மரங்கள் – 9: பெருக்கமரத்தின் பூட்டிய விதை

சாயவேர் பற்றிய பகுதி போன இதழோடு முடிந்தது. நெடுந்தீவின் பெருக்கமரத்தையும் அதன் ஆள் நுழையும் பொந்தையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் அதன் பட்டையும் இலையும் எந்த நோய்க்கு உதவும் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் கன்றே இல்லாத மரத்துக்கு மருந்துக் குறிப்பு மட்டும் எழுதி என்ன பயன்? இலங்கை முழுவதிலும் சில பத்துப் பெருக்கமரங்களே நிற்கின்றன, பெரும்பாலானவை மன்னாரில். கிழட்டு மரங்கள் கண்ணில் படும் அளவுக்கு இளங்கன்றுகள் படுவதில்லை. மண்ணைக் குறை சொல்லுமுன் விதையைப் பார்க்க வேண்டும். அதன் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் ஐந்தில் ஒன்று முளைப்பதே அரிது. ஆபிரிக்காவில் யானையும் பபூன் குரங்கும் பழத்தைத் தின்ன, வயிற்றில் ஓடு தேய்ந்து, விதை சாணத்தோடு விழுகிறது. நெடுந்தீவில் குதிரை திரிகிறது, யானை இல்லை.

இதைவிட வியப்பான செய்தி மடகாஸ்கரில் இருக்கிறது. பெருக்கின் எட்டு இனங்களில் ஆறு அங்கே மட்டும் வளர்பவை. அவற்றுள் கிராண்டிடியேரி, சுவாரெசென்சிஸ் ஆகிய இரண்டின் விதைக்கும் இந்தப் பூட்டே கிடையாது. ஈரம் பட்டால் முளைத்துவிடும். ஒரே குடும்பத்தில் ஏன் இந்த வேறுபாடு? நம்மிடம் நிற்கும் இனம் மழை நம்பமுடியாத ஆபிரிக்கப் புல்வெளியில் வளர்ந்தது. எல்லா விதையும் ஒரே தூறலில் முளைத்தால் அடுத்த வெயிலில் எல்லாமே கருகும். ஆண்டுக்குச் சில விதையாக முளைத்தால் வம்சம் தப்பும். ஆகவே இந்த உறக்கத்தை ஒரு குறையென்று நான் கருதவில்லை. சித்திரையில் ஒரு மழை பெய்து ஆவணி வரை காயும் நெடுந்தீவில் அது விதைக்குக் காவல். நாம் அதைக் கலைப்பதானால், முளைத்த கன்றுக்குத் தண்ணீரும் காவலும் தருவது நம் பொறுப்பு. ஆய்வுகூடத்தில் அடர் கந்தக அமிலத்தில் பல மணி நேரம் ஊறவைப்பார்கள். பள்ளித் தோட்டத்துக்கு அது ஆகாது. விதையின் தழும்புக்கு எதிர்ப்பக்க ஓட்டை அரத்தால் லேசாகத் தேய்த்து, ஓரிரவு தண்ணீரில் போட்டால் போதும். ஊதிய விதையைப் பையில் நடலாம். ஐப்பசி மழையில் கன்றை நிலத்துக்கு மாற்றி, ஆடுமாடு கடிக்காமல் பவளக்கல் வேலி கட்ட வேண்டும்.

அந்நிய மரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்பார்கள். புளியும் ஆபிரிக்காவிலிருந்து வந்ததுதான்; அதை யாரும் அந்நியம் என்பதில்லை. கிளை நட்டால் சுலபம் அல்லவா என்ற கேள்வி இன்னும் வலுவானது. ஆனால் பெருக்கமரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. ஒரே மரத்தின் கிளைகள் எத்தனை நட்டாலும் அவை ஒரே மரம்தான்; காய் பிடிக்க வேற்று மரத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே விதைதான் வழி, அதுவும் பல மரங்களின் விதை.

பட்டையும் இலையும் அடுத்த வாரம். மன்னார் வாசகர்கள் விழுந்து கிடக்கும் காய்களை, மரத்துக்கொரு பையாக, மரம் நிற்கும் இடத்தை எழுதி எடுத்துவைக்க வேண்டுகிறேன்.