ஹார்ட் டாக்டர்… எந்த ஹார்ட் டாக்டர்?

'ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டியாச்சு' என்று நிம்மதியாகச் சொல்கிறோம். ஆனால், இதயத்துக்குள் குழாய் செலுத்தி சிகிச்சை செய்பவர்களிலேயே இன்று பல பிரிவு!

1977-ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக், இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முதலாக பலூனால் விரித்தார். அடைப்பு நீக்குவது ஒரு பிரிவு. துடிப்பு தாளம் தப்பினால், இதயத்தின் மின்னோட்டத்தைக் கவனிக்கும் 'எலெக்ட்ரோ ஃபிசியாலஜி' நிபுணர். 2002-ல் பிரான்ஸில் அலென் கிரிபியே மார்பைத் திறக்காமலே வால்வு பொருத்தினார். இன்று அதற்கும் தனி நிபுணர்கள்.

நாடி பிடித்துப் பார்க்கும் சித்த மருத்துவன் நான். நாடி தாறுமாறாக ஓடினால் நானே இவர்களிடம்தான் அனுப்புகிறேன். 'அடைப்பு இல்லை'னு ரிப்போர்ட் வந்தபிறகும் படபடப்போ மயக்கமோ தொடர்ந்தால், சும்மா இருந்துடாதீங்க. 'குழாய்க் கோளாறா, மின்னோட்டக் கோளாறா, வால்வுக் கோளாறா?' என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நெஞ்சுவலி என்றால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி!