டீச்சர் காத்திருக்கும் மூன்று விநாடி

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம். ஒளி, அடர்வு குறைந்த ஊடகத்திலிருந்து அடர்வு மிகுந்த ஊடகத்துக்குள் நுழைந்தால் எந்தப் பக்கம் விலகும் என்று டீச்சர் கேட்கிறார். முதலில் கைகாட்டுவது, நன்றாகப் படிக்கும் பெண் என்று வகுப்பே ஒப்புக்கொண்ட ஒரு மாணவியை. அவள் யோசிக்கிறாள். டீச்சர் பொறுமையாக நிற்கிறார். "குத்துக்கோட்டைப் பார்த்து..." என்று அவள் தொடங்கியதும் தலையசைத்து ஊக்கம் தருகிறார். அடுத்த கேள்வி கடைசி பெஞ்சுக்குப் போகிறது. அந்தப் பையன் எழுந்து நிற்பதற்குள், "சரி, உட்காரு, வேற யாரு?" என்று கேள்வி இன்னொருவரிடம் போய்விடுகிறது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த டீச்சரிடம் கேட்டால் இருவரையும் ஒன்றுபோலத்தான் நடத்தினேன் என்பார், அதை மனதார நம்பியே சொல்வார். ஆனால் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு இந்த இடைவெளியை அளந்தே பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது 1 விநாடிதான். வகுப்பின் முதல் ஐந்து பேர் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 2 விநாடி கிடைத்தது. கடைசி ஐந்து பேருக்கு ஒரு விநாடிகூட முழுசாகக் கிடைக்கவில்லை. யோசிக்க அதிக நேரம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் குறைந்த நேரம் தரப்பட்டது.

ரோ அடுத்துச் செய்தது எளிய காரியம். 3 விநாடி காத்திருக்க ஆசிரியர்களைப் பழக்கினார். பதில்கள் பல மடங்கு நீண்டன, வாயே திறக்காமல் இருந்த பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள், மாணவர்களிடமிருந்து கேள்விகள் கிளம்பின. புதிய புத்தகமோ கருவியோ எதுவும் வாங்காமலே இத்தனையும் நடந்தது.

வேங்கிக்காலில் உட்கார்ந்து இதை யோசிக்கக் காரணம் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் உள்ள இந்த ஊரில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. ஜவ்வாது மலை, செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் என்று மாவட்டம் முழுவதிலிருந்தும் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் மனுக்களுக்கும் அலைந்து ஓய்ந்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையிலும், பிள்ளை பாட்டி வீட்டிலும் இருக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள், அந்த எதிர்பார்ப்பு பிள்ளையின் மண்டைக்குள் எப்படி இறங்குகிறது என்பதுதான் எனக்கு வியப்பான கேள்வி.

தமிழ்நாட்டு அரசு இந்த எதிர்பார்ப்பையே ஒரு பள்ளியாகக் கட்டிப் பார்க்கிறது. 2021க்குப் பிறகு வந்த அரசு மாதிரிப் பள்ளிகள், உண்டு உறைவிடப் பள்ளிகளாக, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஐஐடி, என்ஐடி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குத் தயார் செய்கின்றன. முதலில் 10 மாவட்டங்களில் இருந்தன. 2022 செப்டம்பரில் மேலும் 15 சேர்ந்தன, பிறகு 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன. அங்கே சேரும் பிள்ளையிடம் யாரும் "பாஸ் ஆயிடுவியா?" என்று கேட்பதில்லை. "எந்தக் காலேஜ்?" என்பதுதான் கேள்வி.

மாதிரிப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்தான் மிகப் பெரும்பாலானவர்கள். அவர்கள் படிக்கும் பள்ளிகளில் வேறொரு சொல் புழங்குகிறது: மெல்லக் கற்கும் மாணவர். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பட்டியல் தயாராகிவிடும். பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று சில பக்கங்கள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன் வேர்டு, வரைபடம், திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து நெடுவினா. 35 மதிப்பெண்ணைத் தொட அது போதும். ஒரு பிள்ளைகூடத் தவறிவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த ஏற்பாடு இது. சிறப்பு வகுப்பில் இருட்டும் வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்களோடு சேர்த்து இன்னொன்றும் பிள்ளையின் கைக்குப் போகிறது: உன்னால் இவ்வளவுதான் முடியும் என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு எவ்வளவு வலிமை என்பதை அறிவியல் கண்டுகொண்ட கதை ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தரையைத் தட்டும். ஓஸ்கார் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1907இல் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை, அவரே அறியாமல், மிக மிக லேசாக அசைந்தது. குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. மனிதரின் எதிர்பார்ப்பு உடலில் கசியும் என்பதும், எதிரே நிற்கும் உயிர் அதைப் படித்துவிடும் என்பதும் அன்று தெரிந்தன.

இந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவர் ராபர்ட் ரோசன்தால் என்ற உளவியலாளர். 1963இல் அவர் மாணவர்களிடம் ஆய்வக எலிகளைக் கொடுத்து, சிலவற்றைச் சுட்டியான இனம் என்றும் சிலவற்றை மந்தமான இனம் என்றும் சொன்னார். எல்லாம் ஒரே இன எலிகள்தான். ஆனால் 'சுட்டி' எலிகள் புதிர்ப்பாதையை வேகமாகக் கற்றன. அவற்றை மாணவர்கள் மென்மையாகத் தொட்டுத் தூக்கியிருந்தார்கள்.

எலிக்கே இப்படியென்றால் குழந்தைக்கு? கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் லெனோர் ஜேக்கப்சன், எலி ஆய்வைப் படித்துவிட்டு ரோசன்தாலுக்குக் கடிதம் எழுதினார். 1964இல் இருவரும் சேர்ந்து அந்தப் பள்ளியில் ஒரு தேர்வு நடத்தி, வகுப்புக்கு ஏறத்தாழ 5இல் 1 பங்கு பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டு அறிவில் பாய்ச்சல் காட்டுவார்கள் என்றார்கள். பெயர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவை. ஆண்டு முடிவில் முதல் வகுப்பின் மற்ற பிள்ளைகள் நுண்ணறிவுத் தேர்வில் சராசரியாக 12 புள்ளி உயர்ந்திருக்க, பட்டியலில் இருந்தவர்கள் 27 புள்ளி உயர்ந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்பிலும் வேறுபாடு தெரிந்தது. அதற்கு மேல் மங்கிப்போனது.

1968இல் இது புத்தகமாக வந்ததும் பெரிய சண்டை. சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் தேர்வே பொருந்தாது, கணக்கீட்டில் ஓட்டை என்று வல்லுநர்கள் கிழித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், எதிர்பார்ப்பின் விளைவு உண்மை, ஆனால் பொதுவாகச் சிறியது. சமூகத்தில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளிடம் அது பெரிதாகிறது. ஸ்டீபன் ராடன்புஷ் என்ற ஆய்வாளர் 1984இல் இதே வகைச் சோதனைகள் 18ஐ ஒப்பிட்டு, என் மனதை விட்டு அகலாத ஒன்றைக் கண்டார். ஆசிரியர் அந்தப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் ஏற்கெனவே பழகியிருந்தால், வெளியிலிருந்து வந்த பட்டியல் அவரிடம் எடுபடவே இல்லை. தன் கண்ணால் பார்த்ததையே நம்பினார். பழகும் முன்பே வந்த பட்டியல்தான் வேலை செய்தது.

எதிர்பார்ப்பு எந்த வழியாகப் பாய்கிறது என்பதையும் ரோசன்தால் வகுத்தார். ஆசிரியரின் முகத்திலும் குரலிலும் உள்ள இதம், அவர் சொல்லித்தரும் பாடத்தின் அளவும் கடினமும், பிள்ளைக்குப் பேசக் கிடைக்கும் வாய்ப்பு, தவறைத் திருத்தும் விதம். மினிமம் மெட்டீரியல் இதில் இரண்டாவது வழியையே அடைத்துவிடுகிறது. பத்துப் பாடத்தில் மூன்று மட்டுமே தரப்பட்ட பிள்ளை அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் திணறினால், பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே என்கிறோம்.

நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு இன்னொரு ஆழம் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்தார்கள். முடிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் ஆதிக்க சாதிப் பையன்களுக்குச் சமமாகவே போட்டார்கள். பிறகு வேறு குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொருவனின் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் படித்தார்கள். அவ்வளவுதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. சொன்ன ஒரு வரியில் மூளை மாறிவிடாது. இங்கே நம்மை என்னவாக நினைப்பார்கள் என்ற கணக்கு உள்ளே ஓடத் தொடங்கி, புதிருக்கான கவனத்தைத் தின்றுவிட்டிருக்க வேண்டும்.

விடைத்தாள் திருத்துகிறவர் பக்கமும் இது உண்டு. ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற ஆய்வாளர்கள் இந்தியாவில் ஒரு தேர்வு நடத்தி, விடைத்தாள்களின் முகப்பில் குலுக்கல் முறையில் சாதிகளை எழுதித் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்குச் சற்றே குறைந்த மதிப்பெண் விழுந்தது. நம் பொதுத்தேர்வில் பெயரை மறைத்து டம்மி எண் போடும் வழக்கம் எவ்வளவு பெரிய நீதி என்பது இதைப் படித்தபோது உறைத்தது. ஆனால் வகுப்பறையில் டம்மி எண் கிடையாது. வகுப்பில் கூப்பிட்டு உதவித்தொகைப் படிவத்துக்குச் சாதி கேட்பதையாவது இன்றே நிறுத்தலாம், தனியாக அழைத்துக் கேட்கலாம்.

எதிர்பார்ப்பை உயர்த்தினால் மட்டும் போதுமா? இதை உலகில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவை அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகள். அரசுப் பணம், தனி நிர்வாகம், கட்டணம் இல்லை. 1991இல் மின்னசோட்டா மாநிலச் சட்டத்தில் பிறந்தவை. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல், நம்மூரில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு நடக்கிறதே, அதைப் போல. இந்தக் குலுக்கல் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். நம் மாதிரிப் பள்ளியில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். அங்கே பெருமைப்படும் முடிவு வந்தால் அது பள்ளியாலா, வந்த பிள்ளையாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். குலுக்கலில் இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே ஆர்வம் கொண்ட குடும்பங்கள், வேறுபாடு அதிர்ஷ்டம் மட்டுமே. 2021இல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட் குழு பாஸ்டன் நகரில் இப்படி ஒப்பிட்டபோது, குலுக்கலில் இடம் பெற்றவர்கள் கணக்கில் கணிசமாக முன்னேறியிருந்தார்கள். அதே மாநிலத்தில் நகரத்துக்கு வெளியே உள்ள சார்ட்டர் பள்ளிகளில் அந்த ஏற்றம் இல்லை. பெயர்ப் பலகை ஒன்றுதான். வென்றவை நீண்ட பள்ளி நேரமும், கணக்குக்கும் வாசிப்புக்கும் கூடுதல் உழைப்பும், கறாரான ஒழுங்கும் வைத்திருந்தவை.

1994இல் ஹூஸ்டனில் இரண்டு இளம் ஆசிரியர்கள் தொடங்கிய கிப் (KIPP) என்ற சார்ட்டர் பள்ளிகள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே கல்லூரி கல்லூரி என்று பேசியவை. 2011இல் அவர்களே கணக்கு வெளியிட்டார்கள். தொடக்க கால மாணவர்களில் 33 சதவீதம் பேர் நான்காண்டுப் பட்டம் முடித்திருந்தார்கள். ஏழைக் குடும்பப் பிள்ளைகளின் அன்றைய 8 சதவீதத்தோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. ஆனாலும் மூன்றில் இரண்டு பேர் முடிக்கவில்லை. அதன் பிறகே, கல்லூரிக்குள் போன பிள்ளையையும் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாட்டைப் பெரிதாக்கினார்கள். சேர்வது வேறு, நிலைப்பது வேறு. பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் காசு வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் தருவது அதனால்தான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

எதிர்பார்ப்போடு படிக்கும் முறையும் வேண்டும், அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தார்கள். ஒரு குழு இரண்டு முறை படித்தது. மற்றது ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தீபத் திருவிழா விடுமுறையில் அரையாண்டுக்குப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டும் பிள்ளைக்கு, மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதச் சொல்வதுதான் நாம் தரக்கூடிய நல்ல உதவி. எழுதும்போது தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நினைவு பதிவது அப்போதுதான்.

கண்ணெதிரே யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு இரண்டு முறை ஒதுக்கப்பட்ட ஊர்களில், பெண்பிள்ளை மீது பெற்றோர் வைக்கும் ஆசை உயர்ந்தது, படிப்பில் ஆண் பெண் இடைவெளி மறைந்தது. தமிழ்நாட்டில் 2016இலிருந்து உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். வேங்கிக்காலில் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளை, ஆட்சியர் அலுவலக வாசலை நாள்தோறும் கடக்கிறாள். அந்த நாற்காலி தனக்கும் உரியது என்று அவளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்ததும் போன ஆண்டு மதிப்பெண் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும், "அந்தப் பையனா சார், அவன் தேற மாட்டான்" என்ற வார்த்தையும் கூடவே வரும். முதல் இரண்டு வாரம் அந்தப் பட்டியலைப் பிரிக்காதீர்கள், அந்த வார்த்தையைக் காதில் வாங்காதீர்கள். பாடம் நடத்துங்கள், கடைசி பெஞ்சிலும் கேள்வி கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணும் வரை காத்திருங்கள். பிறகு உங்கள் கண் சொல்வதை வைத்து முடிவு செய்யுங்கள்.