குரல் உள்ளே, பாடகர் வெளியே

கார்த்திகை பிறந்துவிட்டால் நம் ஊர்களில் விடியும் முன்பே ஒலிபெருக்கி எழுந்துவிடும். ஊர்த்தெருவிலும் பாட்டு, காலனியிலும் அதே பாட்டு. இரவு பூசை முடிந்து ‘ஹரிவராசனம்’ ஒலிக்கும்போது சிறு பிள்ளைகள்கூடக் கைகூப்பி நிற்பார்கள். ‘சுவாமி ஐயப்பன்’ (1975) படத்துக்காக தேவராஜன் இசையில் யேசுதாஸ் பாடியது அது. சபரிமலையில் நடை சாத்தும் நேரத்தில் கேட்பதும் அந்தக் குரல்தான்.

மாலை போட்டிருக்கும் ஒரு மண்டலத்துக்கு ஊர்த்தெருக்காரரும் காலனிக்காரரும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள், காலனிச் சாமி மட்டும் பழையபடி ‘டா’ ஆகிவிடுகிறார். இதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தப் பாட்டைப் பாடியவருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

யேசுதாஸ் தலித் அல்ல. 1940 ஜனவரி 10 அன்று கொச்சிக் கோட்டைப் பகுதியில், இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கேரளத்தில் அது பிற்படுத்தப்பட்ட சமூகம். தந்தை அகஸ்டின் ஜோசப் பெயர்பெற்ற நாடக நடிகர், பாடகர். மகனுக்கு அவர்தான் முதல் ஆசான். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் முறையாகக் கர்நாடக இசை பயின்ற யேசுதாஸ், மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் கல்லூரியில் சேர்ந்தார். பண முடையால் அதைத் தொடர முடியவில்லை. வானொலி நிலையத்தின் குரல் தேர்விலும் அவர் தேறவில்லை. தேர்வில் தோற்ற தம்பி தங்கைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1961 நவம்பர் 14 அன்று சென்னையில் அவருடைய முதல் பாடல் பதிவானது. படம் ‘கால்பாடுகள்’, இசை எம்.பி. சீனிவாசன். அன்று அவர் பாடியவை ஸ்ரீநாராயண குரு எழுதிய வரிகள். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தாராய் வாழும் இடத்தைப் பற்றிய வரிகள் அவை. அவருக்கு முதல் தேசிய விருது பெற்றுத் தந்த ‘அச்சனும் பாப்பயும்’ (1972) படப் பாடல், மனிதன்தான் மதங்களை உண்டாக்கினான் என்று பேசுவது. எழுதியவர் வயலார் ராமவர்மா. இப்படிப்பட்ட சொற்களைப் பாடி ஒரு கலைஞர் வளர்ந்தார் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அதன்பின் எல்லாத் திசையிலும் அந்தக் குரல் போனது. தமிழுக்கு வீணை எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’ (1964) அழைத்துவந்தது. இந்தியில் ரவீந்திர ஜெயின் இசையில் ‘சித்சோர்’ (1976), தெலுங்கில் ‘மேகசந்தேசம்’ (1982), மலையாளத்தில் ‘பரதம்’ (1991) ஆகியவற்றுக்கும் தேசிய விருது கிடைத்தது. மொத்தம் எட்டு முறை அந்த விருதைப் பெற்றார். 2017இல் பத்மவிபூஷண் கிடைத்தது.

நம் வாசகர்களுக்கு ‘சிந்து பைரவி’ (1985) போதும். கச்சேரி மேடைக்கும் எளிய மக்கள் பாட்டுக்கும் நடுவில் உள்ள வேலியைப் பேசிய படம். அதில் வித்துவான் ஜே.கே.பி.யின் குரலாக ஒலித்தவர் யேசுதாஸ். இசையமைத்தவர் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா. நாட்டுப்புற மெட்டும் சாரமதி ராகமும் ஒரே நீரோட்டம்தான் என்று அவர் அந்தப் படத்திலேயே காட்டினார். சித்ரா பாடிய பாட்டு அது. இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

சினிமாவில் இவ்வளவு உயர்ந்த பிறகும் யேசுதாஸ் கர்நாடக இசையை விடவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதரிடம் சீடராக இருந்து கற்றார். பாலக்காட்டுப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெரியவர், ஒரு கிறிஸ்தவ இளைஞருக்கு மனமுவந்து வித்தையைக் கொடுத்தார். அதை நாம் நன்றியோடுதான் சொல்ல வேண்டும். 1974இல் செம்பை மறைந்த பிறகும், அவருடைய ஊர்த் திருவிழாவில் பாடுவதை யேசுதாஸ் வழக்கமாக வைத்திருந்தார்.

குருவாயூர் வாசல்

செம்பை குருவாயூரப்பனின் பெரும் பக்தர். ஏகாதசியை ஒட்டி அங்கே அவர் பெயரிலேயே இசைவிழா நடக்கிறது. ஆனால் அவருடைய சீடருக்கு அந்தக் கோயிலுக்குள் இடமில்லை. இந்து அல்லாதவர் நுழையக்கூடாது என்பது விதி. குருவாயூரப்பனைப் பற்றி யேசுதாஸ் பாடியவற்றைக் கேட்காத பக்தர் அந்த ஊரில் இருக்க முடியாது. குருவாயூர் நடைக்கு ஒருநாள் போக வேண்டும் என்ற ஏக்கத்தையே வயலார் ‘ஒதேனன்டெ மகன்’ (1970) படத்துக்குப் பாட்டாக எழுதினார். பாடியவர் யேசுதாஸ்.

அந்த வாசலில் முதலில் நின்றவர்கள் யார்? நம்மவர்கள். 1931 நவம்பர் 1 அன்று கேளப்பன் தலைமையில் குருவாயூர் சத்தியாகிரகம் தொடங்கியது. ஏ.கே. கோபாலன் அடிபட்டார். கோயில் மணியை அடித்ததற்காக பி. கிருஷ்ணபிள்ளை அடிபட்டார். 1932இல் பொன்னானி வட்டத்துச் சாதி இந்துக்களிடம் வாக்கெடுத்தபோது சுமார் 77 விழுக்காட்டினர் திறக்கலாம் என்றார்கள். அப்போதும் கதவு திறக்கவில்லை. அன்று மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1947இல் சட்டம் வந்த பிறகே தாழ்த்தப்பட்டோர் உள்ளே போக முடிந்தது. சாதியின் பெயரால் சாத்திய கதவு சட்டத்தால் திறந்தது. மதத்தின் பெயரால் சாத்திய கதவு இன்னும் அப்படியே இருக்கிறது.

எல்லாக் கோயிலும் அப்படியில்லை. சபரிமலை அவரை ஏற்றது. கொல்லூர் மூகாம்பிகை சந்நிதியில் பிறந்தநாள்தோறும் பாடிவந்தார். 2017இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் அனுமதி அளித்தது. ஆனால் அதற்கும் இந்து மத நம்பிக்கை உள்ளவர் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. பக்திக்குக் கையெழுத்து கேட்கும் வழக்கம் நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில், இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்ட வேண்டுமானால் உறுதிமொழி எழுதித்தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது.

நமக்கோ எழுதிக்கொடுத்தும் பயனில்லை. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் நம் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் முதன்முதலாகக் கால்வைத்தது 2023 ஜனவரி 30இல், அதுவும் போலீஸ் காவலோடு. அதே ஆண்டு ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் நுழைவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அம்மனையே பூட்டினாலும் பூட்டுவோம், உங்களை விடமாட்டோம் என்பதுதானே இதன் பொருள்?

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2014இல் பெண்கள் ஜீன்ஸ் அணிவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று யேசுதாஸ் பேசினார். பலத்த எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு. தனக்கொரு கதவு சாத்தப்பட்ட வலியை அறிந்தவரும் பிறருக்குக் கோடு கிழிக்கக் கூடும். அவர் பாட்டை நேசிக்கலாம், அதற்காக அவர் சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு

யேசுதாஸுக்குக் குரல் இருந்தது. அதோடு கற்றுக்கொடுக்கத் தந்தையும் கல்லூரியும் செம்பையும் இருந்தார்கள். நம் தெருக்களில் குரலுக்குப் பஞ்சமில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் அக்காவிடமும் திருவிழாவில் பாடும் தம்பியிடமும் அது இருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பதே நம் குறை.

அரசு பல மாவட்டங்களில் இசைப் பள்ளிகள் நடத்துகிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் கற்றுத் தருகிறார்கள். ஜூன் மாதச் சேர்க்கையில் நம் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். ‘அது அவங்க பாட்டு, நமக்கு எதுக்கு’ என்று பெற்றோர் தடுக்க வேண்டாம். பறையும் நமது, கச்சேரி மேடையும் நமது.

கோயில் கதவுக்கான போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். இசைப் பள்ளியின் கதவு இன்று திறந்திருக்கிறது. முதலில் அதற்குள் போவோம்.