கார் சைலன்சரில் இன்னொரு சென்சார்... இ20 காலத்தில் 'வைட்பேண்ட்' எதற்கு? மாட்டும்போது எங்கே தப்பு நடக்குது?

மாமல்லபுரம் பக்கம் ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், பழைய ஃபோர்டு ஐகான் ஒன்றிரண்டு கண்ணில் படலாம். அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகர் ஆலையில் உருவாகி, 1999-ல் சந்தைக்கு வந்த கார் அது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. ஆனால் கார் ஓடிட்டுதான் இருக்கு. மாறியது டேங்கில் போகிற பெட்ரோல்.

20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது. 'என் பழைய இன்ஜின் இதைத் தாங்குதா?' என்று தெரிஞ்சுக்க நினைக்கும் கார் பிரியர்கள் கை வைப்பதுதான் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார்.

கம்பெனி சென்சார் போதாதா?

புகைக்குழாயில் மீதமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யூ-வுக்குத் தகவல் சொல்வதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை. பாஷ் நிறுவனம் தயாரித்த இந்த சென்சார் முதலில் காரில் ஏறியது 1976-ல், வால்வோவில்.

பல கார்களில் கம்பெனியே தரும் சென்சார் 'நேரோபேண்ட்' வகை. குழம்பை ருசி பார்த்து 'உப்பு ஜாஸ்தி', 'உப்பு கம்மி' என்று மட்டும் சொல்கிற ஆள் மாதிரி. எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அது தரும் சிக்னல் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரைதான், அதுவும் சரியான அளவை ஒட்டி சட்டென்று தாவிவிடும். வைட்பேண்ட் எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று எண்ணாகவே சொல்லும்.

சாதாரணமாக ஒரே வேகத்தில் போகும்போது நேரோபேண்டை வைத்தே இ.சி.யூ எரிபொருளைத் திருத்திக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போது பல பழைய கார்களில் இ.சி.யூ அந்த சென்சாரைக் கேட்பதே இல்லை. கார்புரேட்டர் கார் என்றால் திருத்திக்கொள்ள ஆளே கிடையாது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால், அதாவது 'லீன்' ஆனால், லோடு ஏறும் நேரத்தில் வால்வும் பிஸ்டனும் சூட்டில் அடிவாங்கும். கார்புரேட்டர் காரில் சுத்த பெட்ரோலுக்கு வைத்த செட்டிங்கிலேயே இ20 ஊற்றினால் கலவை சுமார் 8 சதவிகிதம் லீன் பக்கம் நகரும்.

14.7-ஆ, 13.5-ஆ?

பலர் குழம்பும் இடம் இதுதான். 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். இ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5.

ஆனால் மீட்டர் உங்கள் டேங்கில் என்ன இருக்கு என்று பார்ப்பதில்லை. சென்சார் உண்மையில் அளப்பது 'லாம்டா'. கலவை சரியாக இருந்தால் லாம்டா 1. அதை மீட்டர் 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இ20 ஊற்றியிருந்தாலும் கலவை சரியாக இருந்தால் மீட்டரில் 14.7 என்றே வரும். 'இ20-க்கு 13.5 வரணுமே' என்று டியூன் செய்தால் லாம்டா 0.92-க்கு இறங்கி, பெட்ரோல் வீணாகும். பேசாமல் மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிடுவது நல்லது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் முழு ஆக்சிலரேட்டரில் 0.85-லிருந்து 0.90 வரை இருந்தால் பயமில்லை. அந்த நேரத்தில் 1-ஐத் தாண்டினால் காலை எடுத்துவிட வேண்டியதுதான்.

மாட்டுவது எப்படி?

கம்பெனி சென்சாரைக் கழற்றக் கூடாது. வைட்பேண்ட் கன்ட்ரோலர் தரும் சிக்னல் பெரும்பாலும் 0 முதல் 5 வோல்ட், அது பழைய இ.சி.யூ-வுக்குப் புரியாது. புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்பாக, எல்லா சிலிண்டர் புகையும் ஒன்று சேர்ந்த பிறகு, தனியாக ஒரு துளை போட வேண்டும். டர்போ கார் என்றால் டர்போவுக்குப் பின்னால். 18 மி.மீ., 1.5 பிட்ச் மரை போட்ட இரும்பு வளையத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்கி வெல்டிங் வைக்கலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற மறந்தால் இ.சி.யூ போய்விடலாம், அந்தச் செலவு சென்சார் விலையோடு நிற்காது.

சென்சாரின் தலை மேலே பார்த்திருக்க வேண்டும். கடிகார முள்ளில் 10-க்கும் 2-க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாய்க்குள் தண்ணீர் கோர்க்கும். வைட்பேண்டின் உள்ளே இருக்கும் செராமிக் 750 டிகிரிக்கு மேல் சூடாகி வேலை செய்வது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கதைதான், விரிசல் விட்டுவிடும்.

கடலோரத்துக்கு இன்னொரு சங்கதி. கோவளம், மாமல்லபுரம் உப்புக்காற்றில் சைலன்சர் சீக்கிரம் துருப்பிடிக்கும். சென்சாருக்கு முன்னால் ஒரு ஊசி ஓட்டை விழுந்தாலே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, மீட்டர் 'லீன்' என்று பொய் சொல்லும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டினால் கன்வர்ட்டர்தான் பலியாகும். ஐடிலில் மட்டும் லீன் காட்டி, ஆர்.பி.எம் ஏறினால் சரியாகிறதா? இ.சி.யூ-வைத் தொடும் முன் ஜாயின்ட்டுகளைப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். இடம் வேண்டும் என்று கேட்டலிடிக் கன்வர்ட்டரை வெட்டி எடுக்கச் சொல்லும் பட்டறை இருந்தால், அங்கிருந்து வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. பி.எஸ்-4 முதலான பெட்ரோல் கார்களுக்கு புகை சோதனையிலேயே லாம்டா பார்க்கிறார்கள், 1-லிருந்து 0.03-க்கு மேல் விலகக் கூடாது.

டியூனிங் முடிந்த பிறகு கன்ட்ரோலர் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு சென்சாரைக் குழாயிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. ஹீட்டர் வேலை செய்யாத சென்சாரில் கரி படிந்து சீக்கிரம் செத்துவிடும். கழற்றி எடுத்து, அந்த வளையத்தில் மூடி போட்டுவிட்டால் அடுத்த முறைக்கும் உதவும்.